சொல்ல விட்டுப்போனது: செட்டிநாட்டில் பெற்றோரும் குழந்தை டாக்டரும்

காரைக்குடியில் குழந்தையை டாக்டரிடம் காட்டிவிட்டு வெளியே வரும் அம்மாவிடம், "எப்படிப் பார்த்தாரு?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லாப் பார்த்தாரு" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அதே அம்மாவிடம் ராத்திரி எட்டு மணிக்கு, "இந்தச் சிரப் எதுக்கு, எத்தனை நாளைக்குக் குடுக்கணும்?" என்று கேட்டால் பதில் அவ்வளவு சுளுவாக வராது. பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், மெடிக்கலில் எழுதிக் கொடுத்த கவரைத் தேடுவார், கடைசியில் "காலையில கடையில கேட்டுக்கலாம்" என்பார். பகலில் சொன்னது பொய் இல்லை. டாக்டர் நன்றாகத்தான் பார்த்தார். ஆனால் மருத்துவமனைகள் எடுக்கிற கருத்துக்கணிப்பு வாசலில் சொல்லும் பதிலோடு முடிந்துவிடுகிறது. எட்டு மணிப் பதிலை யாரும் குறித்துக்கொள்வதில்லை.

இந்த இடைவெளி பெரியவர்களின் மருத்துவத்திலும் உண்டு. குழந்தை மருத்துவத்தில் அது இன்னும் அகலம். நோய் ஒருவருக்கு, அதைச் சொல்பவர் இன்னொருவர், மருந்து கொடுப்பவர் பல வீடுகளில் மூன்றாமவர். எட்டு மாதக் குழந்தை எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. டாக்டருக்குக் கிடைக்கும் கதை முழுக்கப் பெற்றவர்கள் சொல்வதுதான். அது எந்த மொழியில், யார் வாயால், எவ்வளவு தைரியத்தோடு வருகிறது என்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது.

இதை முறையாக ஆராய்ந்தவர்களில் பார்பரா கோர்ஷ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் முன்னோடி. 1960களில் லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனையில், உடம்பு சரியில்லாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களின் 800 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்தார். பிறகு தாய்மாரைத் தனியே உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார்கள். 1968இல் முடிவுகள் வெளிவந்தன. முக்கால்வாசிப் பேர் திருப்தி என்றார்கள். அதே கூட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, குழந்தைக்கு என்ன நோய் என்பதே தெளிவாகச் சொல்லப்பட்டதாகத் தோன்றவில்லை. கிட்டத்தட்டப் பாதிப் பேர், இது எதனால் வந்தது என்ற கேள்வியோடேயே வீட்டுக்குப் போனார்கள். கால்வாசிப் பேர் தங்கள் மனசில் இருந்த பெரிய கவலையை டாக்டரிடம் சொல்லவே இல்லை. சொல்ல இடம் கிடைக்கவில்லை, கேட்கவும் ஆளில்லை.

இது மொழி வேறுபாட்டை ஆராயப் புறப்பட்ட ஆய்வு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அதில் இன்னொன்றும் தெரியவந்தது: சந்திப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதற்கும் தாயின் திருப்திக்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை. நம்மூரில் இதை யாரும் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "ரெண்டு நிமிஷம்கூடப் பார்க்கலை" என்பதுதான் நம் வழக்கமான புகார். புகாரில் உண்மையும் இருக்கிறது. 67 நாடுகளின் விவரங்களைத் திரட்டி 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், ஒரு நோயாளிக்கு டாக்டர் ஒதுக்கும் நேரம் ஸ்வீடனில் சராசரி இருபத்திரண்டரை நிமிடம், இந்தியாவில் சுமார் 2 நிமிடம், வங்கதேசத்தில் 48 நொடி. இரண்டு நிமிடம் போதுமா என்பது தனிச் சண்டை. அந்த இரண்டு நிமிடத்தில் யார் பேசினார்கள் என்பதுதான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. பெற்றோருக்கு மனசு ஆறுவது டாக்டர் சொன்னதால் மட்டும் அல்ல. தான் சொல்ல வந்தது போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிவதால்.

சரி, டாக்டரும் தமிழ், அம்மாவும் தமிழ் என்றால் பிரச்சினை எங்கே வருகிறது?

"ராத்திரி இழுத்துச்சு டாக்டர்" என்கிறார் ஓர் அம்மா. நம் பக்கம் மூச்சிரைப்பையும் இழுப்பு என்போம், காய்ச்சலில் கை கால் வெட்டி வெட்டி இழுப்பதையும் அப்படித்தான் சொல்வோம். முதலாவதற்கு நெபுலைசர். இரண்டாவது காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் வருவது, பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நின்றுவிடுவது. குழந்தைக்குச் சளியும் இருந்து, ஸ்டெதாஸ்கோப்பில் கொஞ்சம் சத்தமும் கேட்டால், அம்மா சொன்னதை மூச்சிழுப்பு என்றே எடுத்துக்கொண்டு சீட்டு எழுதப்பட வாய்ப்பு நிறைய. "மூச்சு இழுத்துச்சா, கை கால் இழுத்துச்சா?" என்று ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்தது. ஊரில் பழகின டாக்டர்கள் கேட்டுவிடுவார்கள். படிப்பு முடித்து வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக வந்தவருக்கு அது கேட்க வேண்டிய கேள்வி என்றே தோன்றாமல் போகலாம்.

வலிப்புதான் என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். டாக்டர், "பயப்பட ஒண்ணுமில்ல, காய்ச்சலைக் குறைச்சா சரியாயிரும்" என்கிறார். மருத்துவப்படி சரியான பதில். ஆனால் அந்த அம்மாவின் தலைக்குள் ஓடுவது வேறு: மூளைக்கு ஏதும் ஆகியிருக்குமோ, சித்தி மகனுக்கு ஆன மாதிரி ஆகிவிடுமோ, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பு ஏறுமோ. இதை அவர் கேட்க மாட்டார். கேட்டால் பலித்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது இன்னொரு பக்கம். அதனால் வாயில் வருவது, "காய்ச்சல் எப்ப விடும் டாக்டர்?" டாக்டரும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறார். கோர்ஷின் கால்வாசித் தாய்மார் இப்படித்தான் வெளியே வந்திருப்பார்கள்.

அப்புறம் திட்டு. குழந்தைக்கு மாந்தம் என்று வசம்பு சுட்டு உரசிக் கொடுத்திருப்பார்கள், தொக்கம் எடுக்கக் கூட்டிப் போயிருப்பார்கள், உரம் விழுந்தது என்று சேலையில் போட்டு உருட்டியிருப்பார்கள். இதையெல்லாம் ஒருமுறை வெள்ளந்தியாகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட அம்மா, அடுத்த முறை "வீட்டுல ஏதும் குடுத்தீங்களா?" என்ற கேள்விக்கு "இல்லைங்க" என்று முடித்துவிடுவார். வசம்பு விஷயத்தில் நான் டாக்டர் கட்சி. திட்டுகிற விஷயத்தில் அம்மா கட்சி. ஏனென்றால் திட்டியதால் வசம்பு நிற்பதில்லை, அதைப் பற்றிய தகவல்தான் நிற்கிறது. நம் பக்கம் கைராசிக்காரர் என்று பெயரெடுத்த குழந்தை டாக்டர்களின் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். அவர்கள் பாட்டியையும் ஒரு வார்த்தை கேட்பார்கள். "என்னாத்தா, நீங்க என்னன்னு நெனைக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டதும் பாட்டி வசம்புவரை ஒன்று விடாமல் ஒப்பித்துவிடுவார்.

"புரிஞ்சுதா?" என்ற கேள்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு இந்த ஊரில் "புரிஞ்சுதுங்க" தவிர வேறு பதில் கிடையாது. அது மரியாதைக்குச் சொல்வது. கதவுக்கு வெளியே அடுத்த டோக்கன் நம்பரைக் கூப்பிட்டாயிற்று, மடியில் பிள்ளை அழுகிறது, எதிரில் படித்த மனிதர். "புரியலைங்க, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

செட்டிநாட்டில் இந்தச் சங்கிலிக்கு ஒரு கண்ணி கூடுதல். ஒரு காலத்தில் பர்மா, மலேயா, இலங்கை. இன்றைக்குச் சிங்கப்பூர், வளைகுடா, அமெரிக்கா. இந்தப் பக்கத்து வீடுகளில் அப்பா தொலைவில் இருப்பது எந்தச் சாதிக்கும் புதுசில்லை. ராத்திரி வாட்சப் வீடியோ காலில், "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று அவர் கேட்பார். அதற்குள் மருந்துச் சீட்டின் போட்டோ அவருக்குப் போயிருக்கும். ஒவ்வொரு மருந்தையும் கூகுளில் போட்டுப் பார்த்துவிட்டு, "சளிக்கு எதுக்கு ஆன்டிபயாடிக்? நீ கேக்கலையா?" என்பார். பகலில் இரண்டு நிமிடம் டாக்டர் முன்னால் உட்கார்ந்த அம்மாவுக்கு இது இன்னொரு பரீட்சை. டாக்டர் நோயின் பெயரையும் காரணத்தையும் ஒரு வரியில் சொல்லி அனுப்பியிருந்தால் அவருக்குக் கையில் ஒரு பதில் இருந்திருக்கும். இல்லாதபோது, காலையில் இருந்த திருப்தி போன் வைக்கும்போது கரைந்துபோயிருக்கும். சில அம்மாக்கள் டாக்டர் அறைக்குள்ளேயே போனைப் போட்டு, "நீங்களே அவருகிட்டச் சொல்லிருங்க" என்று நீட்டிவிடுவதும் இதனால்தான். டாக்டர்களுக்கு இது எரிச்சல். எனக்கு அது அந்த அம்மாக்களின் சாமர்த்தியமாகவே தெரிகிறது.

இதற்கு நேர் எதிரான காட்சியும் உண்டு. கல்யாணத்துக்கோ, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ வெளிநாட்டிலிருந்து குடும்பமாக வந்து இறங்குவார்கள். தண்ணீர் மாறி, வெயில் ஒத்துக்கொள்ளாமல் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கிளினிக்கில் அம்மா ஆங்கிலத்தில் ஆரம்பிப்பார், டாக்டருக்கும் அப்பாடா என்றிருக்கும். அவர் படித்தது முழுக்க ஆங்கிலத்தில்தானே. ஐந்து நிமிடம் பிசிறில்லாமல் பேசி முடிப்பார்கள். திருப்தி எத்தனை என்று கேட்டால் இருவருமே முழு மதிப்பெண் போடுவார்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அப்பத்தாவுக்கு மட்டும் ஒன்றும் விளங்கியிருக்காது. மறுநாள் பெற்றவர்கள் விசேஷ வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள், மருந்து கொடுப்பது அப்பத்தா. பச்சை மூடி ரெண்டு தரம், வெள்ளை மூடி ஒரு தரம் என்பதுதான் அவர் கையில் இருக்கும் மொத்தத் தகவல்.

பாட்டிலை எடுத்துப் பார்ப்போம். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் குழந்தைகளுக்கு நம் கடைகளில் முக்கியமாக மூன்று வடிவில் கிடைக்கிறது. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப், 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப், பச்சைக் குழந்தைக்கான டிராப்ஸ். டிராப்ஸில் பொதுவாக ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். முதல் சிரப்பில் அது 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, டிராப்ஸில் ஒன்றரை மில்லி. "ஆறு மில்லி குடுங்க" என்று போன மாதம் டாக்டர் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு, இந்த மாதம் வீட்டில் இருந்த வேறு பாட்டிலில் ஆறு மில்லி எடுத்தால், இரண்டாவது சிரப்பில் இரண்டு மடங்கு போகும், டிராப்ஸில் நான்கு மடங்கு. மூன்று பாட்டிலிலும் அந்த எண் சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு மூன்றும் ஒரே காய்ச்சல் மருந்துதான்.

அளக்கும் கருவியும் வீட்டுக்கு வீடு வேறு. பாட்டிலோடு வரும் மூடி, சாப்பாட்டு ஸ்பூன், பாலாடை, சங்கு. சங்கில் கோடு கிடையாது. அமெரிக்காவில் 2014இல் ஷோன்னா யின் என்ற குழந்தை மருத்துவரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், குழந்தைக்குத் திரவ மருந்து அளந்த பெற்றோரில் சுமார் 40 விழுக்காட்டினர் அளவில் தவறினர். மருந்தை மில்லியில் நினைத்தவர்களைவிட ஸ்பூன் கணக்கில் நினைத்தவர்கள் தவறுவதற்கு வாய்ப்பு இரட்டிப்பாக இருந்தது. ஸ்பூன் என்ற சொல் வந்தாலே கை சமையலறைப் பக்கம் போகிறது, அங்கேயும் இங்கேயும்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் அப்படித்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டிய பெரிய பொட்டலம் உண்டு, 200 மில்லியில் கரைக்கும் சின்னதும் உண்டு. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்தால் உப்பு அளவு மீறிக் குழந்தைக்குக் கெடுதல். பிள்ளை வாயில் வைக்காமல் துப்பிவிட்டால் அதிர்ஷ்டம். கூடவே எழுதித் தரும் துத்தநாக மாத்திரையை, அதாவது ஜிங்க்கை, 14 நாள் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் பேதி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். நின்ற நோய்க்கு எதற்கு மருந்து என்பது நியாயமான கேள்விதானே. அடுத்த சில மாதங்களுக்குப் பேதி மறுபடி வராமல் தடுக்கவும் அது உதவுகிறது என்று யாராவது சொல்லியிருந்தால்தான் பதினாலாம் நாள்வரை போகும்.

இதுவரை சொன்னதெல்லாம் தமிழர் வீட்டுக் கதை. புதுவயல் அரிசி ஆலைகளிலும், காரைக்குடியைச் சுற்றிக் கட்டட வேலைகளிலும், கானாடுகாத்தான் பக்கத்து ஓட்டல்களிலும் வேலைக்கு வந்திருக்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளக் குடும்பங்களுக்கு வந்தால் நிலைமை வேறு. வெளிமொழிக் குடும்பங்கள் இந்த ஊருக்குப் புதிதல்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரிலும் 15 லட்சம் ரூபாயிலும் உருவாகி 1953இல் திறந்த சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் அந்தக் காலத்திலிருந்தே நாட்டின் பல பக்கத்து விஞ்ஞானிகள் குடும்பத்தோடு இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் டாக்டருக்கும் நடுவில் ஆங்கிலம் இருக்கிறது. ஆலைத் தொழிலாளிக்கு அது இல்லை.

முதல் தவறு, அவர்கள் எல்லாரையும் "இந்திக்காரங்க" என்று ஒரே கணக்கில் சேர்ப்பது. இந்தி தெரிந்த ஒரு நர்ஸ் கிடைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். ஒடியா பேசும் தாய்க்கு இந்தி அரைகுறை. சந்தாலி பேசும் தாய்க்கு இந்தியும் வெளியார் மொழிதான். அவரும் நம் அம்மாக்களைப் போலவே தலையை ஆட்டுவார்.

இரண்டாவது, யார் பேசுகிறார்கள் என்பது. கடையில், ஆலையில் பழகி நாலு வார்த்தை தமிழ் கற்றுக்கொண்டிருப்பவர் அப்பா. அதனால் டாக்டர் முன்னால் நிற்பது அவர். பிள்ளை நேற்றிலிருந்து எத்தனை தடவை மூத்திரம் போனது, பால் இழுத்துக் குடிக்கிறதா, வாந்தியில் என்ன வந்தது என்பதெல்லாம் தெரிந்த அம்மா சுவர் ஓரமாக நிற்கிறார். அவரிடம் அப்பா திரும்பிக் கேட்டு, தனக்குத் தெரிந்த தமிழுக்குள் அடங்கும் அளவுக்கு அதைச் சுருக்கிச் சொல்கிறார். "காய்ச்சல், வாந்தி, சாப்பாடு இல்ல." டாக்டருக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

அப்பாவுக்கும் தமிழ் வராவிட்டால் மேஸ்திரி வருவார், அல்லது ஆலை சூப்பர்வைசர். உதவி செய்யத்தான் வருகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்களுக்கு அன்றைய ஷிப்ட் ஓட வேண்டும். "மூணு நாள் அட்மிட் பண்ணணும்" என்று டாக்டர் சொல்வது மூன்று பேர் வழியாகப் போகும்போது "மருந்து குடுத்துருக்காங்க, போகலாம்" என்று மாற இடமிருக்கிறது. மார்பில் பால் சுரப்பு குறைந்ததைப் பற்றி மேஸ்திரியை வைத்துக்கொண்டு எந்தத் தாய் பேசுவார்? இன்னும் சில குடும்பங்களில் பஞ்சாயத்துப் பள்ளியில் தமிழ் படிக்கும் மூத்த பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை, தம்பியின் நோயை டாக்டருக்கும் டாக்டரின் எச்சரிக்கையை அம்மாவுக்கும் சொல்கிறது. தமிழ் நன்றாகவே பேசும், நம் பிள்ளை மாதிரியே பேசும். "மயக்கமா கிடந்தா உடனே தூக்கிட்டு வாங்க" என்பதன் கனம் அதற்கு எப்படித் தெரியும்?

இந்த மாதிரி அகப்பட்டவரை வைத்து மொழிபெயர்ப்பதால் என்ன ஆகிறது என்று அமெரிக்காவில் கிளென் புளோரஸ் என்ற குழந்தை மருத்துவர் எண்ணிப் பார்த்தார். ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் குழந்தை மருத்துவரைச் சந்தித்த 13 சந்திப்புகளைப் பதிவு செய்து வரிக்கு வரி பிரித்தார்கள். 2003இல் வெளியான முடிவு: மொத்தம் 396 பிழைகள், சந்திப்புக்குச் சராசரி 31. அவற்றில் 63 விழுக்காடு சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர்கள் செய்த பிழைகளில் அப்படிப்பட்டவை 53 விழுக்காடு என்றால், அகப்பட்டவர்களின் பிழைகளில் 77 விழுக்காடு. அகப்பட்டவர்களில் 11 வயது உடன்பிறப்பும் ஒருவர். முகத்தில் மட்டும் பூச வேண்டிய ஹைட்ரோகார்டிசோன் களிம்பை உடம்பு முழுக்கப் பூசச் சொன்னது, வாயால் கொடுக்க வேண்டிய ஆன்டிபயாடிக்கைக் காதில் விடச் சொன்னது, மருந்து ஒவ்வாமை உண்டா என்ற கேள்வியைக் கேட்காமலே தாண்டியது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பிழைகளில் பாதிக்கு மேல் தப்பாகச் சொன்னவை அல்ல, சொல்லாமல் விட்டவை. தப்பாகச் சொன்னதையாவது எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். விட்டுப்போனதற்கு அறிகுறியே கிடையாது.

இப்படிப்பட்ட குடும்பத்திடம் திருப்தி பற்றிக் கேட்டால் என்ன சொல்வார்கள்? பல நேரம் "நல்ல ஆஸ்பத்திரி" என்றுதான். சொந்த ஊரில் கிடைக்காத கவனிப்பு இங்கே அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கிறது என்ற நன்றி அதில் இருக்கிறது. அது உண்மையான நன்றி. அதை வைத்துக்கொண்டு தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று முடிவுகட்டுவதுதான் தப்பு.

வெளிநாடுகளில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், ஆஸ்திரேலியா 1973இலேயே தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கிவிட்டது. டாக்டர் ஒரு எண்ணை அழைத்தால் மறுமுனையில் பயிற்சி பெற்ற ஆள் வருவார். அமெரிக்காவில் அரசுப் பணம் பெறும் மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பை இலவசமாகத் தர வேண்டும் என்பதற்கு 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம்வரை போகும் அடிப்படை உண்டு. அவசரம் தவிர மற்ற நேரங்களில் சிறு பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. பேரப்பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போன நம்மூர் ஆயா, அங்கே ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்க முடியும். புதுவயலுக்கு வந்த ஒடியா அம்மாவுக்கு இங்கே அப்படிக் கேட்க ஒரு ஜன்னல் இல்லை. நம் பக்கத்து ஆஸ்பத்திரி எதிலும் அந்த வேலைக்கென்று ஒருவர் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. போனில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலிகள் "ஒரு நாளைக்கு மூணு தடவை" என்பதற்கு உதவும். பிள்ளை "துவண்டு கிடக்கு" என்று அம்மா சொல்வதை அது என்னவாக மாற்றும் என்று உறுதி சொல்ல முடியாது.

மருத்துவத்தைத் தமிழில் சொல்ல வராது என்று சில டாக்டர்கள் சலித்துக்கொள்வார்கள். அதை நான் ஏற்பதில்லை. 1840களின் கடைசியில் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார், உடற்கூறுமுதல் மகப்பேறுவரை நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அமெரிக்காவிலிருந்து வந்தவருக்கு முடிந்தது நமக்கு வராது என்றால் எப்படி?

ஆனால் காரைக்குடி ஓ.பி.யில் இருக்கும் பிரச்சினைக்குக் கலைச்சொல் அகராதி மருந்தல்ல. குழந்தை நோய்களுக்கென்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1990களில் உருவாக்கிய பயிற்சி முறை ஒன்று இருக்கிறது. பிறந்த சிசுவையும் சேர்த்து இந்தியாவுக்கு ஏற்ப மாற்றி, கிராம சுகாதார செவிலியர்வரை சொல்லித் தரப்படுவது. அதில் தாயிடம் பேசுவதற்கே தனிப் பாடம் உண்டு. முதலில் கேள், செய்ததில் நல்லதைப் பாராட்டு, பிறகு சொல், கடைசியில் புரிந்ததா என்று சோதி. சோதிப்பது எப்படி என்பதில்தான் விஷயம். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வி கேட்கக் கூடாது. "வீட்டுக்குப் போய் இதை எப்படிக் கரைப்பீங்க, சொல்லுங்க?" "எந்த மாதிரி ஆனா உடனே திரும்பித் தூக்கிட்டு வருவீங்க?" இந்த இரண்டாவது கேள்வி பல நேரம் விட்டுப்போகிறது. குடிக்க முடியாமல் போவது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு வருவது, எழுப்பினாலும் முழிக்காமல் சோர்ந்து கிடப்பது என்ற நாலு அறிகுறிகள்தான். ஒடியா தெரியாத நர்ஸ்கூட நாலு படங்களைக் காட்டி இதைச் சொல்லிவிடலாம். படம் போட்ட மருந்துத் தாள் கொடுத்தபோது பெற்றோரின் அளவுப் பிழைகள் குறைந்ததையும் யின் குழுவினர் 2008இலேயே காட்டியிருக்கிறார்கள்.

இதில் பாதி வேலையை நம் ஊரில் ஏற்கெனவே மெடிக்கல் கடைத் தம்பிகள் செய்துகொண்டிருக்கிறார்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் மூன்று மில்லிக் கோட்டில் பேனாவால் அடித்துக் கொடுப்பது, பவுடராக வரும் ஆன்டிபயாடிக் பாட்டிலில் எந்தக் கோடுவரை ஆறின வெந்நீர் ஊற்ற வேண்டும் என்று நகத்தால் கீறிக் காட்டுவது, அட்டையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பது. யாரும் சொல்லித் தந்து செய்வதில்லை. கடையில் கூட்டமில்லாத நேரத்தில்தான் இது நடக்கும் என்பது ஒன்று. சீட்டில் டாக்டர் என்ன நினைத்து எழுதினார் என்பது கடைத் தம்பிக்கும் தெரியாது என்பது இன்னொன்று.

தொழிலாளர் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல், அவர்கள் இங்கேயே இருக்கப் போவதில்லை. சீசன் முடிந்து ஒடிசாவுக்குப் போகும்போது, இங்கே கொடுத்த தாய் சேய் அட்டையையும் எடுத்துப் போகிறார்கள். அதில் தடுப்பூசிக் கட்டங்களைத் தேதியை வைத்து அங்கிருக்கும் செவிலியர் ஒருவாறு புரிந்துகொள்வார். "காய்ச்சலில் வலிப்பு வந்தது", "இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஓரத்தில் தமிழில் எழுதியிருந்தால் அது அவருக்கு வெறும் கோலம்தான். அந்த இடத்தில் மட்டும் டாக்டர் தன் ஆங்கிலத்திலேயே, கொட்டை எழுத்தில், மருந்தின் பெயரோடு ஒரு வரி எழுதி அனுப்புவது நல்லது.